லாவோஸில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். சென்ற ஆண்டு கம்போடியா போய் அங்கோர் பார்த்து வந்தோம். அடுத்து லாவோஸ் போக ஆசை. பயண ஏற்பாடு செய்பவரோ, "அங்கே என்ன இருக்கிறது? லுவாங் பிரபாங்கில் இரண்டு நாள் போதும், மிச்சத்தை பாங்காக்கில் கழியுங்கள்" என்கிறார். கையில் பத்து நாட்கள் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

ஓர் ஆசிரியை, திருச்சி

அன்புள்ள அம்மா,

பத்து நாட்களையும் லாவோஸுக்கே கொடுங்கள். அங்கோரைப் பார்த்த கையோடு நீங்கள் போகவேண்டிய இடம் தெற்கே சம்பாசக் ஊருக்கு அருகிலுள்ள வாட் பூ. வாட் என்றால் கோயில். பூ என்பது அவர்கள் மொழியில் மலை. பின்னால் நிற்கும் மலையின் உச்சியில் ஒரு பாறை லிங்கம்போல் தானாகவே நிமிர்ந்திருக்கிறது. அதனால் மலைக்கே லிங்கபர்வதம் என்று பெயர். 5ஆம் நூற்றாண்டில் தேவானீகன் என்ற அரசன் அப்பகுதியில் ஒரு தீர்த்தம் அமைத்து, அதற்குக் குருக்ஷேத்திரம் என்று பெயரிட்டதை வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. அங்கோர் வாட் எழுவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. இன்று நிற்கும் கட்டடங்கள் பெரும்பாலும் 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலானவை.

படிகளின் இருபுறமும் ஈழத்தலரி மரங்கள் கிளை கோத்து நிற்கும். அங்கே அதற்கு 'தோக் சம்பா' என்று பெயர். நாட்டின் தேசிய மலர். மலைக்கோட்டை ஏறிப் பழகிய ஊர்க்காரர் நீங்கள். ஆனால் இந்தப் படிகள் செங்குத்தானவை, கற்கள் பெயர்ந்து சரிந்தவை. வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள்.

கருவறையில் இப்போது புத்தர் இருக்கிறார். பின்னால் பாறையடியில் ஊற்று இன்னும் கசிகிறது. ஒரு காலத்தில் அந்த நீரைக் கல் கால்வாய் வழியே கொண்டுவந்து லிங்கத்தின்மேல் ஓயாமல் விழச் செய்திருக்கிறார்கள். குடம் சுமக்க ஆள் வேண்டாம், மலையே அபிஷேகம் செய்தது! நான் போன அன்று ஒரு மூதாட்டி அந்த நீரை உள்ளங்கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார்; பிறகு பேரனின் உச்சியிலும் தடவினார். என் பாட்டி பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்குவதும் அப்படித்தான், விரல்களைச் சற்று மடக்கி. எனக்கு அங்கிருந்து இறங்கவே மனம் வரவில்லை.

அடுத்து, வடக்கே போன்சவானைச் சுற்றியுள்ள கல்ஜாடிச் சமவெளி. ஒற்றைக் கல்லில் குடைந்த ஜாடிகள் புல்வெளியில் நூற்றுக்கணக்கில் சாய்ந்தும் நிமிர்ந்தும் கிடக்கின்றன. சில ஆளுயரத்தைத் தாண்டும். அரக்கர்கள் மது காய்ச்சிய பாத்திரங்கள் என்பது ஊர்க்கதை. இரும்புக்காலத்து ஈமச்சடங்குக்கு உரியவை என்பது ஆய்வாளர் முடிவு. முதுமக்கள் தாழியை அறிந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

அங்கே நடக்கும்போது தரையைப் பாருங்கள். பாதையோரம் பாதி வெள்ளை, பாதி சிவப்பாகச் சிறு கற்கள் பதித்திருப்பார்கள். வெள்ளைப் பக்கம் மண்ணுக்கடியிலும் சோதித்துக் குண்டு அகற்றிய இடம். சிவப்புப் பக்கம் மேற்பரப்பில் மட்டும். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அந்தச் சிறு நாட்டின்மீது வீசிய குண்டுகள் இருபது லட்சம் டன்னுக்கும் மேல். கொத்துக்குண்டுகள் வானிலேயே பிரிந்து சிதறவிட்ட சிறு குண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெடிக்காமல் தங்கிவிட்டது. ஒவ்வொன்றும் டென்னிஸ் பந்து அளவு. பந்து என்று எண்ணிக் கையில் எடுத்த குழந்தைகள் எத்தனையோ பேர். படம் எடுக்கப் பின்னால் நகரும்போதுகூட வெள்ளைப் பக்கத்தை விட்டு விலகாதீர்கள். இதைப் பார்த்தவர் எவரும் 'அங்கே என்ன இருக்கிறது' என்று கேட்கமாட்டார்.

லுவாங் பிரபாங்குக்கு உங்கள் ஏற்பாட்டாளர் சொன்ன இரண்டு நாளே சரி. 2021 இறுதியில் ரயில் வந்துவிட்டதால் தலைநகர் வியன்டியானிலிருந்து இரண்டு மணி நேரம்தான். விடியலில் பிக்குகள் வரிசையாகப் பிச்சை ஏற்க வரும்போது எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். முகத்தருகே கேமராவை நீட்டுபவர்களைக் கண்டு எனக்குக் கோபமே வந்தது. அது அவர்களுடைய வழிபாடு.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வாட் பூ திருவிழா பெரும்பாலும் பிப்ரவரிப் பௌர்ணமியை ஒட்டி வரும். அப்போது போவதானால் சம்பாசக்கில் அறையை இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

அன்புடன்.