கோணல் கிண்ணம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு காலரியில் நடந்த செராமிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பாதிக்கு மேல் கோணலும் மாணலுமாக இருந்தன. ஒரு வெள்ளைக் கிண்ணம், விளிம்பு ஒரு பக்கமாகத் தொங்கிப்போயிருந்தது. விலை 35,000 ரூபாய். ‘இது சூளையில் இப்படி ஆகிவிட்டதா, வேண்டுமென்றே செய்ததா?’ என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். ‘குறையில்தான் மேடம் அழகு, ஆர்ட்டிஸ்ட் அதைத்தான் சொல்ல வருகிறார்’ என்றார். தொட்டுப் பார்க்கவும் விடவில்லை.

என் மாமியார் வீட்டில் ஒரு ஊறுகாய் ஜாடி இருக்கிறது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. ஒரு கோணல் கிடையாது. அதைச் செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. மானாமதுரைப் பானை கோணியிருந்தால் 200 ரூபாய்க்குக்கூட வாங்கமாட்டோம். எனக்குக் கலை தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவர்கள் ஏமாற்றுகிறார்களா, இல்லை எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா? மகள் பாட்டரி கிளாஸில் சேர வேண்டும் என்று நச்சரிக்கிறாள். அனுப்பலாமா?

எஸ்., நங்கநல்லூர்

அன்புள்ள எஸ்.,

ஒரு செராமிக் கண்காட்சியில் முதலில் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதிலும் உண்டு, பெரும்பாலும் அந்தக் கிண்ணத்திலேயே இருக்கும். உங்களுக்குக் கிடைத்தது பதிலே இல்லை, வாயை அடைக்கிற வாசகம். ஜப்பானியத் தேநீர்க் கிண்ணங்களைப் பற்றிய பேச்சிலிருந்து வந்தது அது. அங்கே தேநீர்ச் சடங்கு நடத்தும் ஆசான்கள் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்து, திருப்பி, அடியைப் பார்த்து, உதட்டில் வைத்து, எத்தனையோ கிண்ணங்களைத் தள்ளிவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அந்தக் கண்டிப்பை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் கொண்டுவந்து சென்னைச் சுவரில் ஒட்டினால் எதை வேண்டுமானாலும் விற்கலாம். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. இதனால் கெட்டுப்போவது ஒழுங்காக வேலை செய்கிறவர்களின் பெயர்.

சரி, கோணலுக்கு வருவோம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது போர்சலின் என்கிற பீங்கான் கிண்ணம். கயோலின் என்கிற வெள்ளைக் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்களும் கலந்து செய்வது. சுமார் 1,280 டிகிரி செல்சியஸிலிருந்து 1,400 வரை சுடுவார்கள். நம்மூர் மண்பானை 1,000 டிகிரிக்குள் வெந்துவிடும். அந்த உச்ச வெப்பத்தில் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மற்றதையெல்லாம் பிணைத்துக்கொள்கிறது. மெல்லிய போர்சலினை விளக்குக்கு எதிரே பிடித்தால் விரல் நிழல் தெரிவது அதனால்தான். ஆனால் அப்படி உருகும் நேரத்தில் கிண்ணம் முழுவதுமே கொஞ்சம் இளகி நிற்கிறது. சுவர் மெலிந்த இடம் தன் எடை தாங்காமல் சரியும். ஈரத்தில் இருந்த அளவைவிடச் சுட்டு முடித்தபின் நூற்றுக்கு 12 முதல் 15 பங்குவரை சுருங்கவும் செய்யும். காய வைக்கும்போது ஒரு பக்கம் முந்திக் காய்ந்தால் வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம் இதைவிட வினோதமானது. களிமண்ணுக்கு, முக்கியமாகப் போர்சலினுக்கு, ஞாபகசக்தி உண்டு என்று இந்த வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். சக்கரத்திலிருந்து எடுக்கும்போது கை பட்டு விளிம்பு நசுங்கிவிடுகிறது. உடனே தட்டி வட்டமாக்கிவிடுகிறார். காய்ந்த பிறகு பார்த்தாலும் வட்டம்தான். சூளையைத் திறந்தால் அந்தப் பழைய நசுங்கல் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். தட்டையான களிமண் துகள்கள் ஈரத்தில் எந்தப் பக்கம் திரும்பினவோ அந்தத் திருப்பம் உள்ளே தங்கிவிடுகிறது. டீ பாட் செய்கிறவர்கள் இதைக் கணக்கில் வைத்தே வேலை செய்வார்கள். சக்கரத்தில் இழுத்த மூக்கு சூளையில் கொஞ்சம் முறுக்கு அவிழும். அதனால் மூக்கின் நுனியை வேண்டுமென்றே சாய்வாக வெட்டி ஒட்டுவார்கள். சூளைக்குள் போகும்போது கோணல், வெளியே வரும்போது நேர். மூடியையும் பாத்திரத்தின் மேலேயே வைத்துச் சுடுவது வழக்கம். கோணுவதாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே கோணட்டும், பொருத்தம் கெடாது.

ஆக, போர்சலினில் ஒரு பொருள் நேராக இருக்கிறது என்றால் அதற்கு ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார். கோணலாக இருந்தாலும் அதே யோசனை இருந்ததா என்று பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? முதலில் அடிப்பாகம். கிண்ணம் பாதி காய்ந்து தோல் மாதிரி விறைத்த பதத்துக்கு வந்ததும் அதைக் கவிழ்த்து, அடியைச் சீவி, ஒரு வளையம்போலப் பாதம் எடுப்பார்கள். எவ்வளவு எடையை எந்த இடத்தில் தாங்கவைப்பது என்ற முடிவு அங்கேதான் நடக்கிறது. பாதம் குறுகிப்போய் அதற்குச் சற்று மேலே சுவர் தொய்ந்திருந்தால் அது சூளையில் சரிந்த கிண்ணம். நடுவில் ஆங்கில எஸ் எழுத்துபோல ஒரு விரிசல் ஓடினால் சக்கரத்தில் அடிமண்ணை அழுத்திவிட மறந்திருக்கிறார். அப்புறம் கிண்ணம் மேசையில் ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். வேண்டுமென்று கோணலாகச் செய்கிறவர் அதை நிலையாக உட்காரவைக்கத்தான் அதிகம் மெனக்கெடுவார். விளிம்பைச் சுற்றிக் கண்ணை ஓட்டுங்கள். ஈரத்தில் வளைத்த விளிம்பில் விரலோ கருவியோ போன தடம் இருக்கும், வளைவு வரும் இடத்தில் கனத்தைக் கூட்டியோ குறைத்தோ வைத்திருப்பார். சூளையில் தானாகத் தொங்கிய விளிம்பில் அப்படி எதுவும் இருக்காது, வழவழவென்று சும்மா தணிந்திருக்கும்.

கடைசியாக கிளேஸ், அதாவது பளபளப்பான மேல்பூச்சு, முடிகிற கோடு. சூளையில் கிளேஸ் கண்ணாடிக் குழம்பாக ஓடும். ஓடி அடித்தட்டைத் தொட்டால் கிண்ணம் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பாதத்துக்கு ஒரு நூலிழை மேலே, கனத்த ஒரு சொட்டு வந்து நின்றிருப்பதை நல்ல பாத்திரங்களில் பார்க்கலாம். எனக்கு எந்தக் கண்காட்சியிலும் அதிக நேரம் பிடிக்கிற இடம் அதுதான். எவ்வளவு கனமாகப் பூசினால், எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைத்தால், எங்கே போய் நிற்கும் என்று தெரிந்த ஒருவரின் கைவேலை அந்தச் சொட்டில் தெரியும்.

நீங்கள் பார்த்த கிண்ணத்தை நான் பார்க்கவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் அடியைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 35,000 ரூபாய் கேட்கிறவர் அதைக்கூடச் செய்யமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். தொடக்கூடாது என்ற போர்டு எனக்குப் புரிகிறது, உடைந்தால் போயிற்று. ஆனாலும் ஒவ்வொரு கண்காட்சியிலும் ஒரு பொருளையாவது கையில் எடுக்க வைக்கலாம். கோடையில் ரோட்டோரம் பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்க்காத ஆள் சென்னையில் உண்டா? விரிசல் இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலரிக்குள் நுழைந்ததும் அந்த அறிவையெல்லாம் வாசலில் விட்டுவிடச் சொல்கிறார்கள்.

மாமியாரின் ஜாடியைப் பற்றிச் சொன்னீர்களே, அது ஸ்டோன்வேர். 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு உடம்பு இறுகியது. உப்பும் புளிப்பும் அதை ஒன்றும் செய்யாது, எண்ணெயை உறிஞ்சாது. மண்பானைக்கு இதற்கு நேர்மாறான குணம் வேண்டும். அது நீரைக் கொஞ்சம் கசியவிட வேண்டும், அந்தக் கசிவு ஆவியாகும்போதுதான் தண்ணீர் குளிர்கிறது. மின்கம்பத்தில் இருக்கும் பீங்கானுக்கு வேறு கணக்கு, அங்கே மின்சாரம் கசியக்கூடாது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடைக்கிறது, பக்கத்தில் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையே இருக்கிறது. பீங்கான் நமக்கு அந்நியப் பொருள் அல்ல. எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்து எது குறை என்பது மாறும். கிளேஸில் மயிரிழை வெடிப்பு ஊறுகாய் ஜாடிக்குப் பழுது. அதே வெடிப்பை சீனத்தில் சோங் அரசவம்சக் காலத்துக் குயவர்கள் வேண்டுமென்றே வரவழைத்தார்கள். களிமண் உடம்பைவிட கிளேஸ் அதிகமாகச் சுருங்கும்படி கலவையை அமைத்தால் அது வரும்.

கண்ணைப் பழக்க வேண்டுமென்றால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். காலரிகளைவிட அங்கே நிதானமாக நிற்கலாம். தமிழ்நாட்டு அகழாய்வுகளில் கிடைக்கும் கருப்பு சிவப்பு மட்கலங்களைத் தேடிப் பாருங்கள். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, விளிம்பை ஒட்டி நிறம் மாறும். கவிழ்த்து அடுக்கிச் சுட்டதால் உள்ளே காற்றுப் புகாமல் கறுத்தது, வெளியே காற்றுப் பட்டுச் சிவந்தது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே சூளைக்குள் காற்று எங்கே போகும், எங்கே போகாது என்று தெரிந்து வேலை செய்திருக்கிறார்கள். அந்தக் கருப்பும் தற்செயல் இல்லை.

இன்றைய வேலைகளுக்கும் நாம் தூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். இந்தியாவின் இன்றைய செராமிக் கலைஞர்களில் எத்தனையோ பேர் அங்கே கற்றவர்கள். மீக்கர் ஒரு கட்டத்தில் மண்ணால் வீடு கட்டி, உள்ளே சுடாத பச்சைச் செங்கல்லை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தவர். 2018-இல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவில் இந்திய செராமிக் டிரினாலே என்ற பெரிய கண்காட்சி முதல் முறையாக நடந்தது, 2024-இல் தில்லியில் இரண்டாவது. அடுத்ததைச் சென்னைக்குக் கொண்டுவர யாராவது முயல வேண்டும். 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர் இது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ஒரு சூளையில் வீணாகும் பொருட்களின் செலவும் தேறியவற்றின் தலையில்தான் விழும். அதற்கு மேல் காலரியின் பங்கு, பெயரின் பங்கு. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

ஆனால் பெயர் தெரியாத அந்த ஜாடிக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியது மனதில் நிற்கிறது. 2010-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகக் கூடத்தில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 10 கோடி சூரியகாந்தி விதைகளைக் கொட்டிவைத்தார். எல்லாம் போர்சலின், ஒவ்வொன்றும் கையால் வண்ணம் தீட்டியது. சீனாவின் ஜிங்டெஷென் நகரத்தில் 1,600 பேர் செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஒரு கைப்பிடி விதையில் எத்தனை கை இருக்கிறது என்று பார்வையாளரை யோசிக்க வைத்தது. என்றாலும் அந்த 1,600 பேர் நமக்கு ஓர் எண்ணாகத்தான் வந்து சேர்ந்தார்கள். இங்கே அந்த எண்கூட வருவதில்லை. மண் பிசைந்தவர், சூளை அடுக்கியவர், ராத்திரி முழுக்க விறகு தள்ளியவர் என்று கண்காட்சிச் சுவரில் யார் பெயரையும் நான் பார்த்ததில்லை. புரசைவாக்கத்தைத் தாண்டினால் கொசப்பேட்டை. பிள்ளையாரும் கொலு பொம்மையும் செய்கிற குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. அவர்களில் ஒருவரைத் திறப்பு விழாவுக்கு அழைத்து, வைத்திருப்பவற்றைப் பற்றிப் பேசச் சொல்லலாம். எது சரிந்தது, எது சரித்தது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்வார்கள்.

மகளைத் தாராளமாக அனுப்புங்கள். இடத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு மத்தியானம் சக்கரத்தில் உட்காரவைத்து, போட்டோ எடுத்து, சுட்ட கிண்ணத்தைப் பிறகு கூரியரில் அனுப்பிவைக்கும் வகுப்புகள் நிறைய வந்துவிட்டன. பொழுதுபோக்குக்கு அது போதும். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் சூளை அங்கேயே இருக்க வேண்டும், அடுக்கும்போதும் திறக்கும்போதும் பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டும், உடைந்ததையும் கோணியதையும் கையில் கொடுத்து ஏன் இப்படி ஆயிற்று என்று சொல்லித்தர வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நாள்பட மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். ஐ வெய்வெய்யின் அந்த விதைகளின் மேல் பார்வையாளர்கள் நடப்பதைக்கூட, கிளம்பிய தூசிக்குப் பயந்து சில நாளிலேயே நிறுத்திவிட்டார்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்குகிற இடமாக இருந்தால் வேண்டாம். ஈரத்துணி போட்டுத் துடைக்கிற இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

அன்புடன்.