யோசேப்பும் ஓர் ஏர் மாடும்

அன்புள்ள ஐயா,

போன வருடம் அப்பா தவறிவிட்டார். அண்ணன்கள் இருவரும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். என்னை வெளியூரில் படிக்க வைத்த செலவே என் பங்கு என்கிறார்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இப்போது தினமும் பைபிளில் வரும் யோசேப்பின் கதையைத்தான் வாசிக்கிறேன். குழியில் தள்ளிய அண்ணன்களே கடைசியில் அவர் காலில் வந்து விழுந்தார்கள். அதுபோல நானும் வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்கான பாடமா? சில கனவுகளும் வருகின்றன.

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

அப்பா போன துக்கம் ஆறுவதற்குள் கூடப் பிறந்தவர்களே இப்படிச் செய்வது கொடுமைதான். ராத்தூக்கம் இருக்காது, தெரியும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கனவுகளை விட்டுத்தள்ளுங்கள், நிலத் தகராறு நடக்கும்போது எல்லோருக்கும் கனவு வரும்.

யோசேப்பு வாய் திறக்காமல் இருந்தார் என்று உங்களுக்கு யார் சொன்னது? எகிப்துச் சிறையில், ராஜா பார்வோனுக்கு மது பரிமாறும் பானபாத்திரக்காரனிடம், நீ வெளியே போனதும் என்னைப் பற்றிப் பார்வோனிடம் சொல், நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று கேட்டவர் அவர். அந்த ஆள் மறந்துபோனது வேறு விஷயம். மனு போட்டாரா இல்லையா? அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று மூட்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்த நாளிலிருந்து எனக்கும் யோசேப்பு ஞாபகம்தான். ஆனால் நீங்கள் வாசிக்கும் யோசேப்பு இல்லை. நாம் எல்லோரும் ஆதியாகமம் 45-ம் அதிகாரத்தில் அவர் அழுது அண்ணன்களைக் கட்டிக்கொள்வதோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு பைபிளை மூடிவிடுகிறோம், மிஞ்சினால் 50-ம் அதிகாரத்துக்குத் தாவி, நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக்கினார் என்ற வசனத்தை எடுத்துக் காலண்டரில் போட்டுக்கொள்கிறோம். நடுவில் 47 இருக்கிறது. அதை வைத்து யாராவது பிரசங்கம் செய்து கேட்டிருக்கிறீர்களா?

அதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்பு 41-ம் அதிகாரத்திலேயே யோசேப்பு சிறையிலிருந்து வந்து பார்வோனுக்கு அடுத்த அதிகாரி ஆகிவிட்டார், செழிப்பான ஏழு வருடமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஜனங்களிடமிருந்து வாங்கிக் களஞ்சியம் களஞ்சியமாகச் சேர்த்தார்கள். பஞ்சம் வந்ததும் அதே தானியத்தை, விளைவித்த அதே ஜனங்களுக்கு விற்றார் யோசேப்பு. முதலில் கையில் இருந்த பணம் முழுக்கப் போயிற்று. அப்புறம் ஆடு, மாடு, குதிரை, கழுதை. அடுத்த வருடம் வந்தவர்களிடம் நிலமும் உடம்பும் தவிர ஒன்றும் இல்லை, அதையும் எழுதிக் கொடுத்தார்கள். எகிப்து முழுக்கப் பார்வோன் நிலம் ஆயிற்று, விதைத்தவன் பார்வோனுக்கு அடிமை ஆனான். கோவில் பூசாரிகளான ஆசாரியர் நிலத்தில் மட்டும் கை வைக்கவில்லை (யோசேப்பின் மாமனார் ஓன் பட்டணத்து ஆசாரியர் என்பதையும் கவனியுங்கள்). இதற்குச் சற்று முன்னால், அதே 47-ம் அதிகாரத்தில், தன் அப்பாவுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் தேசத்திலேயே நல்ல நிலமாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் தாத்தா நன்னிலம் பக்கம் உபதேசியாராக இருந்தார். அறுபதுகளில், ஒரு கீற்றுக் கொட்டகையில் இந்த அதிகாரத்தை வாசித்தார், நான் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தேன். வாசித்து முடித்ததும் குத்தகைக்குப் பயிர் செய்யும் ஒரு பெரியவர் எழுந்து, “அஞ்சுல ஒண்ணுதானா எடுத்தாரு? அப்ப நல்ல மனுசந்தான்” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், 1956-ல் வந்த நியாய வாரச் சட்டமே நஞ்சை விளைச்சலில் நூற்றுக்கு நாற்பதை நிலக்காரருக்கு விட்டது, நடைமுறையில் அதற்கு மேலும் கொடுத்தவர்கள் அவர்கள். பெரியவர் உட்காரவில்லை. “அது சரி சாமி, விதை கொடுத்தாருன்னு போட்டிருக்கு. மாட்டத்தான் போன வருசமே வாங்கிட்டாரே, அந்தாளு எத வச்சு உழுதான்?”

தாத்தா பதில் சொல்லவில்லை. பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டார்.

ஜனங்களே, நீர் எங்கள் உயிரைக் காப்பாற்றினீர் என்று யோசேப்பிடம் சொன்னார்களே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னார்கள். பசியில் இருப்பவன் களஞ்சியச் சாவி வைத்திருப்பவனிடம் வேறு என்ன சொல்வான்? யோசேப்பு கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் இல்லாவிட்டால் அவ்வளவு பேரும் செத்திருப்பார்கள். ஆனால் பைபிளின் அடுத்த புத்தகமான யாத்திராகமம் தொடங்கும்போது யோசேப்பை அறியாத ஒரு ராஜா வருகிறான், பித்தோம், ராமசேஸ் என்று பண்டசாலைப் பட்டணங்களைக் கட்ட யோசேப்பின் பேரப்பிள்ளைகளையே அடிமையாக வேலை வாங்குகிறான். ஒரு தேசத்தையே ராஜாவுக்கு எழுதி வாங்கிக் கொடுத்தால், அடுத்த ராஜா அதை யார் மேல் பிரயோகிப்பான் என்று யோசேப்புக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கதையை யார் வாசித்தாலும் குழிக்குள் கிடப்பது அவர்தான், குழியில் தள்ளியது மற்றவர்கள். மாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவனாகத் தன்னை வைத்து வாசிக்கிறவர் எவரையும் நான் பார்த்ததில்லை, அந்த நன்னிலத்துப் பெரியவரைத் தவிர. நீங்களும் அப்படித்தான் வாசிக்கிறீர்கள் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணன்கள் காலில் விழுவதை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டு செய்வதற்கு ஜெபம் என்று பெயரில்லை.

உங்கள் கடிதத்திலேயே ஒருவர் அரை வரியில் வந்து போகிறார். ‘அக்காவைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது.’ அதோடு அவர் கணக்கு தீர்ந்ததா? யோசேப்புக்கும் தீனாள் என்று ஓர் அக்காவோ தங்கையோ இருந்தாள், எகிப்துக்குப் போனவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது, அவளுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் எழுதவில்லை. உங்கள் அக்கா விஷயத்தில் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பத்துக்கு 1925-ம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், அம்மா இருக்கும்பட்சத்தில் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமம். மகன், மகள், கட்டிக்கொடுத்தது, படிக்க வைத்தது என்ற பேச்செல்லாம் அதில் இல்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பட்டா பெயர் மாறியிருக்கிறதா என்று தாலுகா ஆபீசில் கேளுங்கள், ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால் அக்காவுக்குப் போன் செய்து, அவரும் கேட்கப்போகிறாரா என்று கேளுங்கள். கேட்கப்போகிறேன் என்று அவர் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.