நோய் குறித்த அச்சம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஆண்டு என் அப்பா 52 வயதில் மாரடைப்பால் காலமானார். எனக்கு இப்போது 29 வயது. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் சோதனை எல்லாம் எடுத்துப் பார்த்த மருத்துவர்கள் இதயம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் இரவில் படபடப்பு வந்தால் நாடி பார்க்கிறேன், பிபி மெஷினைத் தேடுகிறேன், கூகுளில் அறிகுறிகளைப் படிக்கிறேன். வீட்டில் எல்லாம் கற்பனை என்கிறார்கள். இதிலிருந்து எப்படி மீள்வது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் படபடப்பு கற்பனையல்ல. அச்சம் எழும்போது அட்ரினலின் சுரந்து இதயத்துடிப்பு விரைவாகிறது, நெஞ்சுத் தசைகள் இறுகுகின்றன. அச்சத்தால் வந்த அந்தத் துடிப்பையே நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு நீங்கள் மேலும் அஞ்சுவதால், துடிப்பும் மேலும் கூடுகிறது.

நீங்கள் அஞ்சுவதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. தந்தைக்கு 55 வயதுக்கு முன் இதயநோய் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதை மருத்துவம் ஏற்கிறது. ஆகவே ஒரே மருத்துவரைத் தேர்ந்துகொண்டு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகியவற்றை அவர் சொல்லும் இடைவெளியில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் இதயத்துக்காகச் செய்யவேண்டியதில் பெரும்பகுதி அதுவும், புகையிலையைத் தவிர்ப்பதும், நாள்தோறும் நடப்பதும்தான்.

அதற்கு மேல் நள்ளிரவில் செய்யும் சோதனைகள் இதயத்தைக் காப்பதில்லை, அச்சத்தையே வளர்க்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். அளவு சரியாக இருப்பதைக் கண்டதும் கிடைக்கும் நிம்மதி சற்று நேரத்தில் கரைந்துவிடுகிறது. ஆனால் சோதித்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்வதால், அடுத்த முறை சோதிக்காமல் இருப்பது இன்னும் கடினமாகிறது. பதற்றத்தில் பார்க்கும்போது ரத்த அழுத்தம் இயல்பாகவே உயர்ந்து காட்டும் என்பதால், அந்த எண்ணும் உங்களை ஏமாற்றும். மெஷினைப் படுக்கையறையிலிருந்து அகற்றிவிடுங்கள். நாடி பார்க்கத் தோன்றும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். பிறகு அந்த இடைவெளியை நீட்டுங்கள். முதலில் பதற்றம் கூடத்தான் செய்யும், ஆனால் நீங்கள் எதுவும் செய்யாமலேயே அது தணிவதை உடல் சில நாட்களில் கண்டுகொள்ளும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் உளவியலாளர்கள் இதைத்தான் படிப்படியாகப் பழக்குகிறார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வீட்டாரிடமும் இதைச் சொல்லுங்கள். கற்பனை என்று ஒதுக்குவதும், கேட்கும்போதெல்லாம் ஒன்றுமில்லை என்று உறுதி தருவதும் இரண்டுமே உதவாது. உங்களோடு சிறிது நேரம் பேசிக்கொண்டிருப்பதே போதும்.

நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சில் அழுத்தம் வந்து, நீங்கள் நின்றதும் அது தணிந்தால் மருத்துவரிடம் தாமதமின்றிச் செல்லுங்கள். வியர்வையோடு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் என் கடிதத்தை நினைத்துத் தயங்கவேண்டாம். மற்ற இரவுகளில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம்.