யாழ்ப்பாணத்தில் வாசிக்கும் ஒருவர் குறைந்த விலையில் எந்த ரிவேர்ப் பெடலை வாங்கலாம்?

எலக்ட்ரிக் கிற்றாருக்கு ரிவேர்ப் பெடல் (மண்டபத்தில் முழங்குவது போன்ற எதிரொலியைச் சேர்க்கும், காலால் மிதிக்கும் கருவி) தேடுகிறீர்கள், கையில் அதிகம் காசு இல்லை, மலிவானதை வாங்கினால் பிறகு வருந்த நேருமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வருந்த நேராது. அந்தப் பயத்தை உங்களுக்கு ஊட்டியவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் இரண்டு பேர் கூடி வாசித்தாலே அப்படி ஒருவர் வந்துவிடுவார்.

நான் வைத்திருப்பது டிசி எலக்ட்ரானிக்கின் ஸ்கைசர்ஃபர். எதிரொலியில் ஸ்பிரிங் (கம்பிச்சுருள் போன்றது), பிளேட் (உலோகத் தகடு போன்றது), ஹால் (பெரிய மண்டபம் போன்றது) என்று மூன்று வகை, குமிழ்களும் மூன்று. கோயில் பாடகர் குழாம், கலியாண வீடு, பாடசாலை நிகழ்ச்சி எல்லாவற்றிலும் அதைத்தான் பாவிக்கிறேன்.

நீங்களும் வீட்டில் ஒரு சின்ன அம்ப்பில் பழகிவிட்டு, ஊர் மண்டபங்களில் வாசிக்கிறவராக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் பெடலின் பெயரை விசாரிப்பதற்கு முன் மண்டபத்தைக் கவனியுங்கள். எங்கள் மண்டபங்கள் சீமெந்துச் சுவர், ஓட்டுத் தரை, தகரக் கூரை. ஒலியை உறிஞ்ச அங்கே ஒன்றுமே இல்லை. 17 மீற்றர் தள்ளி ஒரு சுவர் இருந்தால், நீங்கள் தட்டிய சுரம் அதில் பட்டு ஏறக்குறைய பத்தில் ஒரு செக்கனில் திரும்பி வருகிறது. பக்கச் சுவர்களும் கூரையும் தம் பங்குக்குத் திருப்பி அனுப்புகின்றன. பெரிய கோயில் போன்ற உயர்ந்த கட்டடத்தில் அந்த ஒலி அடங்க இன்னும் நேரமெடுக்கும். இதன்மேல் பெடலிலும் நீண்ட ஹாலைப் போட்டால், கிணற்றுக்குள் குனிந்து பாடியது போலத்தான் கேட்கும். ஆகவே உங்களுக்கு வேண்டியது குறுகிய ஸ்பிரிங் அல்லது பிளேட், ஒலியின் கூர்மையைக் குறைக்க ஒரு டோன் குமிழ், எதிரொலி எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை அமைக்க, மிகக் குறைவாக வைத்தாலும் இதமாகக் கேட்கும் ஒரு மிக்ஸ் குமிழ். எத்தனை வகை இருக்கிறது என்ற கணக்கு உங்களுக்குத் தேவையில்லை.

ஒரு கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் இதைக் கண்ணெதிரே கண்டேன். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒரு அண்ணா, என் பெடலைப் போலப் பல மடங்கு விலையுள்ள ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். என் பெடல் பலகையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது விளையாட்டுச் சாமான், மேடைக்குச் சரிவராது" என்றார். நல்ல மனிதர், கைவிரலும் நல்ல விரல். ஆனால் வீட்டில் ஹெட்போனில் அமைத்த ஒலியை அப்படியே அந்த மண்டபத்தில் திறந்துவிட்டார். அவர் வாசித்த ஒவ்வொரு கோர்டும் அடுத்த கோர்டின்மேல் ஏறியது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகளுக்குப் பாட்டின் தாளம் பிடிபடவில்லை. நான் பிளேட்டில் வைத்து, மிக்ஸைக் கால்வாசிக்கும் கீழே இறக்கி, டோனையும் குறைத்து வாசித்தேன். பாடகர் குழாமை நடத்திய சிஸ்டர் அடுத்த பாட்டுக்கு என்னையே ஆரம்பிக்கச் சொன்னார். அந்த நாளை நான் பெருமையாகவே சொல்கிறேன். விலையுயர்ந்த பெடல் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை வைத்திருப்பவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம், அது அருமையான கருவி. ஒலிப்பதிவு செய்கிறவருக்கு அதன் மதிப்பு தெரியும். தகரக் கூரையின் கீழ் அந்த மதிப்பு வெளியே வராது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, ஒலிச் சோதனை வெறும் மண்டபத்தில் நடக்கிறது. சனம் வந்து நிறைந்ததும் உடலும் உடுப்பும் ஒலியை உறிஞ்சிவிடும். அதனால் சோதனையில் சற்றுக் குறைவாக வைத்துவிட்டு, முதல் பாட்டுக்குப் பிறகு தேவையானால் கூட்டுங்கள்.

ஸ்கைசர்ஃபர் கிடைக்காவிட்டால் பெஹ்ரிங்கர் டிஆர்600 பாருங்கள். உடல் பிளாஸ்ரிக், அதைக் கேலி செய்வார்கள். ஆனால் ஸ்பிரிங், பிளேட், ஹால், ரூம் எல்லாம் உண்டு, டோன் குமிழும் உண்டு. காலால் உதைக்காமல் மிதித்தால் போதும். மூவர் ஷிம்வேர்ப் சிறியது, ரூமும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. அதிலுள்ள ஷிம்மரை (மேல் சுரங்களையும் சேர்த்து மினுங்கும் எதிரொலி) வீட்டில் தனியாக வாசிக்கும்போது பாவியுங்கள். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் ஹோலி கிரெய்ல் நானோவின் ஸ்பிரிங் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் ஒரே குமிழ், டோன் இல்லை. பாஸ் நிறுவனத்தின் ஆர்வி-6 இவற்றைவிட விலை கூடியது. யாராவது வெளிநாட்டிலிருந்து பரிசாகக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ரூபாவில் விலை எழுதவில்லை, டொலரோடு சேர்ந்து அது மாறிக்கொண்டே இருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவளவில் இருந்தது, மே மாதத்துக்குள் 360 ரூபாவளவுக்குப் போய்விட்டது. அந்த இடைவெளியில் வாங்க நினைத்தவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும்.

காசைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் விழாக்களில் ஜெனறேற்றருக்கு முற்பணம் கொடுக்கிறார்கள், ட்ரோன் கமராவுக்குக் கொடுக்கிறார்கள், பந்தலுக்குக் கொடுக்கிறார்கள். வாசிக்கிறவரிடம் மட்டும் "நம்முடைய பிள்ளைதானே, சாப்பாடு இருக்கிறது" என்கிறார்கள். நரம்பு அறுந்தால் கடைக்காரர் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு நரம்பு தருவாரா? கோயிலுக்கு வாசிப்பது வேறு, அதற்கு நான் ஒரு சதமும் கேட்டதில்லை. கலியாண வீட்டுக்குக் கேட்பேன், நீங்களும் கேளுங்கள்.

மின்சார விடயத்தில் கவனமாக இருங்கள். இந்தப் பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை எதிர் மின்னாக உள்ள அடப்டர் வேண்டும். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடப்டர் பெரும்பாலும் நடு நேர் மின். வோல்டும் 12 ஆக இருக்கலாம். ஓட்டை பொருந்துகிறது என்பதற்காகச் செருகாதீர்கள். ரிவேர்ப் டிஜிட்டல் பெடல் என்பதால் ஒலியை உடைத்துத் தடிப்பாக்கும் ஓவர்ட்ரைவ் பெடலை விடக் கூடுதல் மின்னோட்டம் கேட்கும், உங்கள் பெடலுக்குக் குறித்திருக்கும் மில்லி அம்பியரைத் தாராளமாகத் தரும் அடப்டர் வாங்குங்கள். இரண்டு பெடலையும் ஒரே அடப்டரில் கோர்த்தபோது மெல்லிய கீச்சொலி வந்தால், ரிவேர்ப்புக்குத் தனி அடப்டர் கொடுங்கள். வரிசையில் ரிவேர்ப் கடைசியில் இருக்கட்டும். அம்ப்பின் சொந்த டிஸ்டோர்ஷனுக்கு (ஒலி உடைப்புக்கு) முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து உடைந்து சேறாகிவிடும். சின்ன அம்ப்களில் எஃபெக்ட்ஸ் லூப் (அந்த உடைப்புக்குப் பிறகு பெடலைச் செருகும் இணைப்பு) இருப்பது அரிது, ஆகவே அம்ப்பைச் சுத்தமான சனலில் வைத்து, ஓவர்ட்ரைவைப் பெடலில் எடுங்கள்.

பாவித்த பெடல் வாங்குவதானால் உங்கள் கிற்றாரையும் கேபிளையும் எடுத்துச் செல்லுங்கள். மிக்ஸை முழுவதும் குறைத்துவிட்டு, பெடலைப் போட்டும் அணைத்தும் ஒரே கோர்டை வாசியுங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்க வேண்டும். போட்டதும் மேல் நரம்புகளின் ஒலி மங்கினால், அல்லது குமிழைத் திருப்பும்போது கரகரத்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம்.