அக்காவின் கடனை அடைத்துவிட்டுத் திவால் மனு போடலாமா?

கேள்வி: தொழில் படுத்துவிட்டது. கிரெடிட் கார்டும் வங்கிக் கடனும் சேர்ந்து இனி என்னால் கட்டவே முடியாத அளவுக்குப் போய்விட்டன. திவால் மனு கொடுக்க முடிவு செய்துவிட்டேன். கையில் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கிறது. அக்காவும் நண்பன் ஒருவனும் பத்திரம், வட்டி எதுவும் கேட்காமல் கடன் கொடுத்தவர்கள். வங்கி நஷ்டத்தைத் தாங்கும், அக்கா தாங்கமாட்டார். இவர்கள் இருவருக்கும் கொடுத்து முடித்துவிட்டு மனு போட்டால் என்ன? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது, வங்கியிலிருந்து வரும் போனை எடுக்காமல் இருந்துவிடலாம், அக்கா முகத்தைப் பார்க்காமல் எத்தனை நாள் இருப்பது? ஆனால் அக்காவுக்கு நல்லது என்று நினைத்து நீங்கள் செய்யப்போகும் காரியத்தின் அடி அக்கா மேல்தான் விழும். அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

திவால் நடைமுறையில் உங்களிடம் மிச்சமிருப்பதைக் கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பங்கு போடுவார்கள், மீதிக் கடனிலிருந்து உங்களை விடுவிப்பார்கள். அடமானக் கடன், வரி மாதிரி முன்னுரிமை உள்ளவை தனி. மற்றபடி நூறு ரூபாய் கடனுக்குப் பத்து ரூபாய்தான் தேறும் என்றால் வங்கிக்கும் பத்து, அக்காவுக்கும் பத்து. மனுவுக்குக் கொஞ்சம் முன்னால் அக்காவுக்கு மட்டும் நூறையும் கொடுத்தால், மற்றவர்கள் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகத்தான் சட்டம் பார்க்கும். உங்கள் சொத்துகளைக் கையாள நியமிக்கப்படும் டிரஸ்டி அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்பார், அதுவும் உங்களிடம் இல்லை, அக்காவிடம். கொடுக்காவிட்டால் அவர் மேல் வழக்குப் போடலாம். நியாயமாகத் தனக்கு வரவேண்டிய பணம்தானே என்று அவர் அதை எடுத்துச் செலவும் செய்திருப்பார், அப்புறம் எங்கே போய்ப் புரட்டுவார்?

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. எவ்வளவு காலம் பின்னோக்கித் தோண்டுவார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பொதுவாக மனுவுக்கு முந்தைய 90 நாள், உறவினர்களுக்குக் கொடுத்ததென்றால் ஒரு வருடம். கனடாவில் மூன்று மாதம், நெருங்கியவர்களுக்கு 12 மாதம். இங்கிலாந்தின் 1986-ம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம், நெருங்கியவர்களுக்கு இரண்டு வருடம், அதோடு சொந்தக்காரருக்குக் கொடுத்திருந்தால் அவருக்குச் சாதகம் செய்யத்தான் கொடுத்தீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பக்கத்து வேலை. இந்தியாவின் 1920-ம் ஆண்டுச் சட்டத்தில் இது மூன்று மாதம். ஆக, பல நாடுகளில் உறவுக்காரர் என்றால் கெடு நீளுமே தவிர குறையாது. உங்கள் நண்பருக்கு அந்தக் குறைந்த கெடு பொருந்தலாம், ஆனால் அதை நம்பி இப்போது கொடுத்தாலும் அதே சிக்கல்தான்.

சரி, ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். மனுவோடு வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள், உறவினர்களுக்கு என்னென்ன கொடுத்தீர்கள் என்றே தனியாகக் கேட்பார்கள், அமெரிக்கப் படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே இருக்கிறது. அதில் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறீர்கள். வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் கடனிலிருந்து விடுதலை கிடைக்காமல் போகலாம், குற்ற வழக்கும் வரலாம். வண்டியை அக்கா பெயருக்கு மாற்றி எழுதுவது இதைவிட மோசம், அதைக் கடன் திருப்பித் தந்ததாகக்கூடப் பார்க்காமல் சொத்தை ஒளித்ததாகப் பார்ப்பார்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் அவசரப்பட்டு அதைத் திருப்பி வாங்கி வேறு எங்கும் நகர்த்த வேண்டாம். தேதி, தொகையோடு எழுதி வைத்து, மனு போடுவதற்கு முன்னால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கெடு தாண்டும்வரை மனுவைத் தள்ளிப்போடலாமா என்பதும் அவரோடு பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம், ஏனென்றால் காத்திருக்கும் மாதங்களில் வட்டியும் வழக்குகளும் காத்திருக்காது.

அக்காவையும் நண்பரையும் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் கட்டாயம் சேருங்கள். பத்திரம் இல்லாவிட்டாலும் கடன் கடன்தான். அவர்கள் பெயர் அதில் வருவது உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் விட்டுவிட்டால் அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய அந்தப் பத்து ரூபாயும் போகும், உங்கள் மனுவும் பொய்யாகும். கையில் இருக்கும் பணத்தை வாடகை, சாப்பாடு, மருந்து, வழக்கறிஞர் கட்டணம் என்று நியாயமான தேவைக்குச் செலவழிக்கலாம், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய ஒன்றும் இருக்கிறது. விடுவிப்பு உத்தரவு வந்து எல்லாம் முடிந்த பிறகு, நீங்கள் சம்பாதிக்கும் பணத்திலிருந்து, உங்கள் விருப்பப்படி அக்காவுக்கு முழுக் கடனையும் திருப்பித் தரலாம். சட்டம் கட்டாயப்படுத்தாது, தடுக்கவும் செய்யாது. அமெரிக்கச் சட்டத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது. மாதம் சிறிய தொகையாக, வருடக்கணக்கில் ஆனாலும், அந்தப் பணத்தை யாரும் அவரிடமிருந்து பிடுங்க மாட்டார்கள். இதை அக்காவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், நீதிமன்றக் கடிதம் முதலில் அவர் கைக்குப் போகும்படி விடாதீர்கள்.

அப்படிப் பேசும்போது ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் வங்கிக் கடன் எதிலாவது அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? போட்டிருந்தால் உங்களுக்குக் கிடைக்கும் விடுதலை அவரைக் காப்பாற்றாது, வங்கி அந்தப் பாக்கிக்கு அவரிடம்தான் போய் நிற்கும். அவரைக் காப்பாற்ற அந்த ஒரு வங்கிக் கடனை மட்டும் இப்போது அடைப்பதும் அவருக்குச் சாதகம் செய்ததாகவே கணக்கில் வரலாம். அவர் ‘ஆமாம்’ என்றால் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரையும் கூட்டிக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள்.