விஞ்ஞானிங்க கைப்பட எழுதின லெட்டரு

கேள்வி: பெரிய விஞ்ஞானிங்க எழுதின பழைய லெட்டரை எல்லாம் காசு குடுத்து வாங்கி சேர்க்கிறாங்களாமே, அப்படி என்னதான் இருக்கு அதுல? (வாசகி, திருச்சி)

பதில்: இருக்குங்க! பரம்பரைக் குணத்தைச் சுமக்கிற டிஎன்ஏவோட அமைப்பைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான ஃபிரான்சிஸ் கிரிக், 1953 மார்ச்ல, போர்டிங் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்த தன்னோட 12 வயசு பையனுக்கு 7 பக்கம் எழுதுறார், டிஎன்ஏ எப்படி இருக்கும்னு படமெல்லாம் வரைஞ்சு, அதுவும் நேச்சர் பத்திரிகைல கட்டுரை வர்றதுக்கு முன்னாடியே. அப்பா பையனுக்கு எழுதின அந்த லெட்டரு 2013ல நியூயார்க் ஏலத்துல 50 லட்சம் டாலரைத் தாண்டிப் போச்சு. வெறும் கையெழுத்துக்கா அந்த விலை, உள்ள இருக்கிற விஷயத்துக்குங்க. சும்மா நன்றி சொல்லி எழுதினதுன்னா ரேட்டு ரொம்பக் கம்மிதான். வாங்குறதா இருந்தா லென்ஸ் வச்சுப் பாருங்க, புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது பிரிண்ட், பேனா மை இல்ல. படிச்சாப் போதும்னா டார்வினோட லெட்டர் ஆயிரக்கணக்குல கேம்பிரிட்ஜ்காரங்க நெட்ல ஃப்ரீயாவே போட்டிருக்காங்க.