டி.வி.யை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாடம் இருக்கிறது

கேள்வி: நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் 35 பிள்ளைகள், ஒரு டி.வி. இருக்கிறது. வாரம் ஒருமுறை 25 நிமிட அறிவியல் நிகழ்ச்சி ஒன்றைப் போடுகிறேன். கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் "சூப்பரா இருந்துச்சு டீச்சர்" என்பதோடு சரி. அதே பிள்ளைகள் விளம்பரத்தில் வருவதையெல்லாம் அப்படியே நம்புகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். டி.வி. பார்க்க மூளையைச் செலவழிக்க வேண்டியதில்லை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உளவியலாளர் கவ்ரியேல் சாலமன் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் டி.வி. எளிது, அச்சு கடினம் என்றார்கள். கதையைப் படித்தவர்கள் அதிகம் முயன்றார்கள், படமாகப் பார்த்தவர்கள் அந்த அளவுக்கு முயலவில்லை. ஊகித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் படித்தவர்களே முந்தினார்கள். ஆகவே வகுப்பு அமைதியாக இருப்பதை வைத்துப் பாடம் ஏறுகிறது என்று முடிவுகட்ட வேண்டாம்.

முதலில் 25 நிமிடத்தைக் குறையுங்கள். 4 முதல் 6 நிமிடம் போதும். வகுப்பில் கண்ணால் காட்ட முடியாத பகுதியை மட்டும் எடுங்கள்: இதயம் சுருங்கி விரிவது, எரிமலை வெடிப்பது, விதை முளைப்பது. கையில் கொடுத்துக் காட்டக்கூடிய கல்லையும் இலையையும் டி.வி.யில் காட்டுவது வீண். அந்தப் பகுதியை முன்கூட்டியே இரண்டு முறை பாருங்கள். முதல் தடவை பொருளுக்காக. இரண்டாம் தடவை, நிறுத்த வேண்டிய இடங்களை நிமிடம், நொடியோடு குறித்துக்கொள்ள. 5 நிமிடத்துக்கு மூன்று நிறுத்தங்கள் தாங்கும். அதற்கு மேல் போனால் கதையோட்டம் அறுந்து பிள்ளைகள் எரிச்சலாவார்கள்.

போடுவதற்கு முன் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். "கவனமாகப் பாருங்கள்" என்பது ஒன்றும் சொல்லாததற்குச் சமம். "விதையிலிருந்து முதலில் வெளியே வருவது வேரா, தண்டா?" என்றால் கண்ணுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. பார்க்கும்போதே குறிப்பெடுக்கச் சொல்லாதீர்கள். இந்த வயதில் எழுதக் குனிந்தால் படம் போய்விடும், படத்தைப் பார்த்தால் எழுத்து நின்றுவிடும். எழுதுவதெல்லாம் நிறுத்தியபின்.

நிறுத்தியதும் "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டு, ஒரு வரி எழுதவையுங்கள். பிறகு ஓடவிட்டால் தன் ஊகம் சரியா என்று பார்ப்பதற்காகவே உன்னிப்பாகப் பார்ப்பார்கள். கேள்வி கேட்டபின் குறைந்தது 3 நொடி வாய்மூடி இருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே கண்டறிந்தார். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய்திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

விதை முளைக்கும் காட்சியில் ஒரு பொறி இருக்கிறது. திரையில் 10 நொடியில் முளைத்துவிடுகிறது. மணிக்கு ஒரு படம் எடுத்து ஒட்டியது என்று சொல்லாவிட்டால், தான் நட்ட விதை மறுநாளும் முளைக்கவில்லையே என்று பிள்ளை அதைத் தோண்டிப் பார்க்கும். இதையே கணக்காக்கிவிடுங்கள். மணிக்கு 1 படம், நாளுக்கு 24 படம், 10 நாளில் 240 படம். திரையில் நொடிக்கு 24 படம் ஓடினால் எத்தனை நொடி? பத்து. 10 நாள் 10 நொடியானது எப்படி என்பதை அந்தப் பிள்ளையே போட்டுப் பார்த்துவிட்டது. நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயத்துக்கான முதல் பாடமும் இதுவே: திரையில் தெரிவது யாரோ எடுத்து, வெட்டி, ஒட்டியது.

பார்த்து முடிந்ததும் அதே பகுதியை ஒலியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிள்ளைகள் வர்ணனை சொல்லட்டும். எது புரியவில்லை என்பது இங்கே அப்பட்டமாகத் தெரிந்துவிடும். மறுநாள் பாடம் தொடங்கும் முன் 2 நிமிடம், எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் முந்தைய நாள் உழைப்பில் பாதி கரைந்துபோகும்.

நேரடி ஒளிபரப்பு என்றால் நிறுத்த முடியாது. அப்போது வரிசைக்கு ஒரு வேலை பிரித்துக் கொடுங்கள்: ஒரு வரிசை புதுச் சொற்களைப் பிடிக்க, ஒன்று படிநிலைகளை எண்ண, ஒன்று தனக்கு எழும் சந்தேகங்களை நினைவில் வைக்க.

அறையைப் பற்றிச் சுருக்கமாக. கடைசி மூலையில் நீங்களே உட்கார்ந்து, திரையில் வரும் மிகச் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் பெஞ்சை முன்னே நகர்த்த வேண்டும். சன்னலுக்கு எதிரே டி.வி.யை வைக்காமல் பக்கவாட்டில் திருப்பினால் கண்கூச்சம் குறையும். விளக்கை முழுக்க அணைக்காதீர்கள், பிள்ளைகளின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இனி விளம்பரம். அது பொருளை விற்க வந்தது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதுக்கு மேல்தான் பிடிபடுகிறது. உங்கள் பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்டியவர்கள். ஆனால் தெரிந்திருப்பது வேறு, பார்க்கும் அந்த நொடியில் ஞாபகம் வருவது வேறு. அதனால் "விளம்பரத்தை நம்பாதே" என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. கையால் பிரித்துப் பார்க்கப் பழக்க வேண்டும்.

30 நொடி விளம்பரம் ஒன்றைப் பதிவுசெய்து நான்கு முறை போடுங்கள். முதலில் திரையைத் துணியால் மூடி, ஒலி மட்டும். "என்ன பொருள்? பாட்டு எப்படிப்பட்ட நினைப்பைத் தருகிறது?" அடுத்து ஒலி இல்லாமல் படம் மட்டும். மூன்றாவதில் காட்சி மாறும் ஒவ்வொரு தடவையும் மேசையில் ஒரு தட்டு. எண்ணிக்கை 15-ஐத் தாண்டும் விளம்பரங்கள் உண்டு, அந்த எண் பிள்ளைகளைத் திகைக்கவைக்கும். இரண்டு நொடிக்கொரு தடவை படம் மாறினால் யோசிக்க நேரம் ஏது என்று அவர்களே கேட்பார்கள். நான்காவதில், கீழே பொடி எழுத்து வரும் இடத்தில் நிறுத்தி உரக்கப் படிக்கவையுங்கள். பிறகு நோட்டில் மூன்று கட்டம்: வாயால் சொன்னது, சொல்லாமல் காட்டியது, சொல்லவும் இல்லை காட்டவும் இல்லை. "இதைக் குடித்தால் ஜெயிப்பாய்" என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குடித்த பையன் ஓட்டப்பந்தயத்தில் முதலில் வருவான், அவ்வளவுதான். இரண்டாம் கட்டத்தில் பிள்ளைகள் இதை எழுதத் தொடங்கும்போது விஷயம் பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம். பொம்மை விளம்பரமானால் அந்தப் பொம்மையையே கொண்டுவந்து ஸ்கேலால் அளக்கவிடுங்கள்.

இன்னொரு பயிற்சிக்கு அட்டை போதும். நடுவில் 8 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரத்துக்கு வெட்டியெடுங்கள். டி.வி. திரையின் 16-க்கு 9 என்ற அளவுதான் இது. ஒரு பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சட்டம் வழியாக வகுப்பைப் பார்க்கட்டும். முதலில் படித்துக்கொண்டிருக்கும் மூன்று பேர். பிறகு அரட்டையடிக்கும் மூன்று பேர். "இதை மட்டும் பார்த்தவர் நம் வகுப்பைப் பற்றி என்ன நினைப்பார்?" என்று கேளுங்கள். இரண்டு படமும் உண்மை, இரண்டும் முழு உண்மை இல்லை என்று ஒன்பது வயதுப் பிள்ளையால் சொல்ல முடியும்.

செய்திகளை இப்போதைக்கு அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே விபத்துக் காட்சி திரும்பத் திரும்ப வரும்போது, சின்னப் பிள்ளைகள் பல விபத்துகள் நடப்பதாக எண்ணிப் பயப்படலாம். காட்டினால் "இது ஒரே தடவை நடந்தது, மறுபடி போடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகிறது. ஒன்று, பிள்ளைகளுக்குப் பிடித்த நிகழ்ச்சியை எடுத்துவைத்துக் குற்றம் காண்பது. உடனே சொந்தக் கருத்தை மறைத்துக்கொண்டு உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். யாருக்கும் ஒட்டுதல் இல்லாத விளம்பரத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டாவது, சில வாரங்களில் "டி.வி.யில வர்றது எல்லாமே பொய்" என்று வந்து நிற்பார்கள். இதுவும் யோசிக்காத பதில்தான். அப்போது "பொய்யா நிஜமா" என்று கேட்பதை விட்டு, "எப்படிச் சரிபார்ப்பாய்?" என்று கேளுங்கள். அளந்து பார்க்கலாமா, பாடநூலில் தேடலாமா, யாரிடம் கேட்கலாம்? முளைக்கும் விதையைப் படமாகப் பார்த்தோம், தொட்டியில் நட்டும் பார்ப்போம் என்றால் டி.வி. சொன்னது சரி என்பதும் தெரியவரும்.

முன்னேற்றத்தை அளக்க வழி எளிது. முதல் வாரமே ஒரு விளம்பரத்தைப் போட்டு "இதில் நீ கவனித்ததை எழுது" என்று சொல்லித் தாள்களை வாங்கி, திருத்தாமல் வைத்துவிடுங்கள். பருவ முடிவில் அதே விளம்பரம், அதே கேள்வி. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளையிடமே கொடுத்து, என்ன மாறியிருக்கிறது என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள்.